ஏறும்போது மட்டும் வரும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

காலை எடை 53.2. மெஷினுக்குப் பிறகு 50.9. தண்ணீர் 650 மில்லி.

டயாலிசிஸ் சென்டரில் சிஸ்டர் கொடுத்த நோட்டு இது. எடை, குடித்த தண்ணீர் இரண்டையும் தேதி போட்டு எழுதி வரச் சொன்னாள். அதற்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கத்தை என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை. காகிதத்தை வெறுமனே விடுவதும் வாயை வெறுமனே விடுவதும் எனக்கு ஆகாது.

இன்றைக்குக் கார் மலை ஏறவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு ஒரே பாடுதான். காலை ஐந்தரைக்குக் குறிஞ்சிப்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்க வேண்டும். முப்பத்திரண்டு வளைவு. எட்டு மணிக்குப் பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் கையை நீட்டிப் படுத்து, ரத்தத்தை வெளியே அனுப்பி அலசி வாங்கிக்கொண்டு, மறுபடி முப்பத்திரண்டு வளைவு ஏறி வீடு. பஸ்ஸில் இரண்டு முறை மயங்கி விழுந்ததும் கண்டக்டரே கும்பிட்டு, "இனிமே தயவு பண்ணி ஏறாதீங்கம்மா" என்றான். அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய டீசல் காரை என் வீட்டுக்காரர் தவசி வாங்கினார். டர்போ வைத்த வண்டி, மலைக்கு இதுதான் லாயக்கு என்று விற்றவன் சத்தியம் செய்தான்.

ஒன்பதாவது வளைவில் மூச்சு விட்டுவிட்டது. இவர் ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்குகிறார், வண்டி நகர்வேனா என்கிறது. பின்னால் கரும்புகை. என் கால் பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அமுக்கினால் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. சொன்னேன்.

"உனக்கு பிரஷர் எறங்கியிருக்கு, காது அடைக்குது. அதான்" என்றார்.

"எனக்குக் காது அடைச்சா உங்க காருல ஏன் புகை வருது?"

பின்னால் வந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்து, "யோவ், வண்டி ஓட்டுறியா, பல்லக்குத் தூக்குறியா?" என்று கத்திவிட்டுப் போனான். இரண்டாம் கியரிலேயே உருட்டி வீடு வந்து சேர நாலு மணி நேரம். வழி நெடுக இவருக்கு அந்த லாரிக்காரன் மேல் கோபம். கோபம் இருக்கிற நாளில் இவர் முகம் தெளிவாக இருக்கிறது. ஒருவகையில் நல்லதுதான்.

ஜூன் 4, புதன்

எடை 51.6. தண்ணீர் 700.

எஸ்டேட் காப்பகத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகள், இன்றைக்குப் பதினொன்று. டயாலிசிஸ் இல்லாத நாளில் எனக்கு அங்கேதான் வேலை. எனக்குப் பிள்ளை இல்லை. அதை யாராவது 'பாவம்' என்று இழுத்தால் அடிக்கத் தோன்றும். பதினொரு பேருக்கு மூக்குத் துடைத்தவளுக்கு என்ன பாவம்?

அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால்தான் நான் சீக்காளி என்பது மறந்துபோகிறது. கார் ஏறாவிட்டால் நான் கீழேதான் கிடக்க வேண்டும். கீழே என்றால் பொள்ளாச்சியில் நாத்தனார் வீடு, இவருடைய அக்காள் கமலவேணி அண்ணி. அதற்குப் பேசாமல்... வேண்டாம், எழுதினால் பலித்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

காலை 53.0. பிறகு 50.8. தண்ணீர் 700.

நான் மெஷினில் கிடந்த நேரத்தில் இவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியைக் காட்டினார். அங்கே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, காற்று அழுத்தம் பற்றவில்லை என்றார்களாம். வெளிக்காற்றை டர்போ பிடித்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. போகிற வழியில் ரப்பர் குழாய்கள் நிறைய. எங்கேயாவது ஒழுகினால் என்ஜினுக்கு மூச்சு பற்றாது. ஒரு குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்திருந்ததாம். முடுக்கிவிட்டார்கள்.

ஏறியது! ஒன்பதாவது வளைவைத் தாண்டும்போது கை தட்டினேன். இவர்கூடச் சிரித்தார்.

அதற்கப்புறம் நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தேன். காப்பகக் கதை, இவருடைய அக்காள் கதை, கல்யாணத்தில் எங்கள் பக்கத்துக்குப் பந்தியில் அப்பளம் வராத கதை. கதை தீர்ந்ததும் சண்டை. ஜன்னலை இறக்கிக் குளிர் காற்றை விட்டேன். கைப்பையிலிருந்து வறுத்த மிளகாய் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம் வாய மூடிட்டு வந்தா என்ன கொறஞ்சு போவ?" என்றார்.

"நான் சீக்காளி. எனக்குப் பேச்சுத் துணை வேணும்" என்றேன்.

வீடு வந்து சேரும்போது எனக்குத் தாடை வலித்தது. இவர் சாப்பிட்டுவிட்டு நேராகத் தேயிலை பாக்டரிக்கு. ராத்திரி ஷிப்ட், இலை உலர்த்துகிற டிரையர் பக்கம். பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டால் செவ்வாய், வெள்ளி லீவு தரமாட்டார்கள். வேலையை விட்டால் எஸ்டேட் வீட்டையும் விட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 53.4. பிறகு 51.0.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. பதினாலாவது வளைவில் மறுபடி 'உஸ்ஸ்'. இம்முறை இரண்டாம் கியருக்கும் நகரவில்லை. மழை வேறு. எனக்குத் தலை சுற்றியது. வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து நாத்தனார் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"ரெண்டே நாள்" என்றார்.

"எண்ணிட்டு இருப்பேன்" என்றேன்.

ஜூன் 11, புதன்

எடை எழுதவில்லை. எடை பார்க்கும் கருவி அண்ணியின் அறையில் இருக்கிறது, அண்ணி கோயிலுக்குப் போய்விட்டாள், அறை பூட்டியிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காலை 53.1. பிறகு 50.9. தண்ணீர் 500. (அண்ணி அளந்தது.)

காரை இப்போது பார்க்கிறவர் பத்ருதீன் பாய். அண்ணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருக்கிறார். கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேண்ட், காதில் பென்சில், நிதானம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போனோம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க தங்கச்சி, ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க" என்றார்.

அவர் செய்தது வேடிக்கையாக இருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி மூடி ஒன்றில் ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி வைத்திருக்கிறார். டர்போ காற்று இழுக்கிற வாயில் அந்த மூடியை மாட்டி, பஞ்சர் கடைக் கம்ப்ரஷரால் காற்று ஏற்றினார். என்ஜின் ஓடாமலே குழாய் எல்லாம் விறைத்துக்கொண்டது. பிறகு சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தார். ஒழுகுகிற இடத்தில் நுரை பொங்கும் என்றார். பொங்கியது. மேல் குழாய் ஒன்றின் கழுத்தில், குழந்தை எச்சில் முட்டை விடுவதுபோல.

"மாட்டுச்சு பாருங்க" என்று அந்தக் குழாயை மாற்றினார்.

இவர் தனியாக மலைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். நான் என் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். முகத்தைப் பார்த்ததுமே பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்தாவது வளைவு" என்றார்.

பாய் தலையைச் சொறிந்தார். "நிக்கும்போது ஒழுகறதில்லீங்க. சூடாகி, ஏறும்போது மட்டும் ஒழுகுது. களவாணிப் பய ஓட்டை. வண்டிய விட்டுட்டுப் போங்க."

இவர் பஸ்ஸில் ஏறிப் போனார். நான் அண்ணி வீட்டுக்கு நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எடை 52.3. தண்ணீர் 500.

அண்ணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். உப்பில்லாமல் தனியாகச் சமைக்கிறாள். கீரையை இரண்டு தரம் கொதிக்க வைத்து வடிக்கிறாள். ஒரு பாட்டிலில் ஐந்நூறு மில்லி ஊற்றி, என் பெயர் எழுதி, பிரிட்ஜ் மேல் வைக்கிறாள். டாக்டர் எழுநூறு சொல்லியிருக்கிறார் என்றால், "கொறச்சலா குடிச்சா நல்லதுதானே" என்கிறாள். கட்டில் போட்ட அறைக்கு ஒரு ஜன்னல். திறந்தால் ஒரு முழ தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர், பச்சை பெயின்ட். காலையிலிருந்து மாலைவரை அந்தச் சுவரைப் பார்க்கிறேன். எங்கே விரிசல், எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது என்று மனப்பாடம்.

குளிக்கும்போது வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் ஒரு மடக்கு விழுங்கினேன். நாற்பத்தொரு வயதில் தண்ணீர் திருடுகிறேன்.

சாயங்காலம் அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"பொற்கொடி, நான் சொல்றேன்னு தப்பா எடுக்காத. காரு சரியானாலும் சரியாகாட்டியும் நீ இங்கயே இருந்துரு. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

"எனக்கு வீடு இருக்குண்ணி."

"இருக்கு, யாரு இல்லேங்கறா? தம்பி மூஞ்சியப் பாத்தியா? கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. ராத்திரி நெருப்புப் பக்கம் நின்னுட்டு, பகல்ல மலையில வண்டி ஓட்டி..."

"அவருக்கு ஒண்ணுமில்ல! நல்லாத்தான் இருக்காரு!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அண்ணி எழுந்து போய்விட்டாள். அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க வேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை 53.8. பிறகு 51.2. தண்ணீர் 500 என்று அண்ணி எழுதச் சொன்னாள். சிஸ்டர் எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

இவர் பஸ்ஸில் வந்தார். டயாலிசிஸ் ரூம் கண்ணாடி வழியாக வெளியே பெஞ்சு தெரியும். எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் எட்டு ஐந்துக்குச் சாய்ந்துவிட்டார். பன்னிரண்டு வரை அசையவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மா இவர் காலைத் தூக்கி வைத்துவிட்டுப் பெருக்கினாள், அதற்கும் எழவில்லை. நாலு மணி நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன பார்ப்பது?

பாய் இன்னும் இரண்டு இடம் பார்த்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை வேறு ஒரு வழி பார்க்கலாம் என்றாராம்.

"வெள்ளிக்கெழமையும் ஆகலேன்னா?" என்று கேட்டேன்.

"ஆகலேன்னா அக்கா சொல்ற மாதிரிதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரர்கள் பார்க்க, நின்று அழுதேன். என் வீட்டுக்கு நான் போக வேண்டும். பதினொரு பிள்ளைகள் என்னைத் தேடும். தேடாவிட்டாலும் பரவாயில்லை, நான் போக வேண்டும். அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்துச் சாக என்னால் ஆகாது.

ஜூன் 18, புதன்

எடை 52.0. சுவர்.

ஜூன் 21, சனி

எடை 51.5. தண்ணீர் 700. வீட்டில் எழுதுகிறேன். நேற்று எழுதக் கை வரவில்லை.

நேற்று வெள்ளி. மெஷின் முடிந்து நானும் இவரும் பாய் ஷெட்டுக்குப் போனோம். காரின் முன் பம்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பம்பர் இல்லாத காரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, பல்செட் கழற்றின ஆளைப் பார்க்கிறாப்போல.

வெள்ளிக்கிழமை என்பதால் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர் வந்தார். பச்சைத் தலைப்பாகை, ஒரு கையில் தூபக்கால், ஒரு கையில் மயிலிறகு விசிறி. பாய் அவரை நிறுத்தி, தூபக்காலிலிருந்து கொஞ்சம் கங்கு வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். அதன்மேல் ஒரு பிடி சாம்பிராணி. டின்னுக்கு ஏற்கெனவே இரண்டு குழாய் வைத்துத் தயாராக இருந்தது. ஒன்றில் கம்ப்ரஷர் காற்று, இன்னொன்று காரின் காற்றுக் குழாய்க்கு.

"சோப்புத் தண்ணி கீழ் பக்கம் நிக்காதுங்க, வழிஞ்சிரும். புகைக்கு மேல கீழ தெரியாது. எங்க ஓட்டையோ அங்க எட்டிப் பாக்கும்" என்றார்.

சாம்பிராணிக்காரர் கடை கடையாகப் போவதை மறந்து, நின்று வேடிக்கை பார்த்தார். கார் முழுக்கச் சாம்பிராணி வாசம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பாய் காற்றைக் கூட்டினார். அப்புறம் முன்பக்கம் அடியில், இடப்பக்கம் போகிற தடிமனான ரப்பர்க் குழாயின் வயிற்றிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

பாய் மண்டி போட்டுக் கையை விட்டார். விட்டவர் நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி நூலு கட்டியிருக்குதுங்க. போன வாரமே கைக்குத் தட்டுப்பட்டுச்சு. வேண்டுதல் நூலு, நாம எதுக்குத் தொடணும்னு அதைச் சுத்தியே பாத்துட்டு வந்துட்டேன். இப்பப் புகை அதுக்கு அடியிலதான் வருது. அவுக்கட்டுங்களா?"

"நான் எதுவும் கட்டலையே பாய்" என்றார் இவர். "அவுங்க."

பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு நூலை அறுத்தார். மஞ்சள் நூல், கறுத்துப் போயிருந்தது. அதன் முனையில் ஒரு தகடு. கோயில் வாசலில் விற்பார்களே, கால் வலிக்குக் கால், கைக்குக் கை என்று தகரத்தில் அடித்தது, அது. இது கண்மலர். இரண்டு கண், இமையெல்லாம் போட்டது.

தகரத்தின் ஓரம் ரப்பரை அறுத்து அறுத்து ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து வைத்திருந்தது. வண்டி நிற்கும்போது தகடே பிளவை மூடிக்கொள்கிறது. ஏறும்போது குழாய் உப்பி, என்ஜின் ஆடி, பிளவு வாயைத் திறக்கிறது.

"யாருக்குங்க கண்ணுல கோளாறு?" என்று பாய் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

இருபது வருஷத்தில் என் வாய் மூடியிருந்தது அப்போதுதான். இவர் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதுக் குழாய் போட நாலு மணி ஆயிற்று. மலை ஏறினோம். அப்படி ஓர் இழுவை அந்தக் காருக்கு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது, பத்து, பதினாலு எல்லாம் சத்தமில்லாமல் போயிற்று. நான் கை தட்டவில்லை. இருபத்தேழாவது வளைவில், அகலமான இடத்தில், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"எது?"

"நான் தூங்கிட்டு ஓட்டுறது."

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "பிப்ரவரியிலேர்ந்து" என்றேன். "கைப்பிடிச் சுவர்கிட்ட போயி நீங்க வெட்டித் திருப்பினீங்களே, மாடு குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்க. மாடே இல்ல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா? வேலைய விடுவீங்களா? வீட்ட விடுவீங்களா? என்னைத்தான கீழ விடுவீங்க!"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மழைத் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

இதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அந்தக் கண்மலரைக் கோயில் வாசலில் விற்ற அம்மா, "வண்டி மொகத்துல கட்டு தாயி, ஓட்டுறவன் கண்ணு மூடாது" என்றாள். கண்ணாடியில் தொங்கவிட்டால் இவர் யாருக்கு என்று கேட்பார். முன் நம்பர் பிளேட்டுக்குக் கீழே பம்பர் வலை உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டு, எட்டின குழாயில் கட்டினேன். புருஷன் தூங்கிக்கொண்டு ஓட்டுகிறான் என்று தெரிந்தும், என் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, வாரம் இரண்டு நாள் அவரை அந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். காவலுக்கு ஒரு தகரத்தையும் என் வாயையும் வைத்தேன். நான் செய்தது அதுதான்.

"இனிமே தூங்க மாட்டேன், சத்தியமா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

ஜூன் 22, ஞாயிறு

எடை 52.1. தண்ணீர் 700.

ஞாயிறானாலும் நாலு குழந்தைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. ஒன்று என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது, இன்னொன்று 'எங்க போன நீ' என்று அடித்தது. வாங்கிக்கொண்டேன்.

இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். தம்ளர் சாய்ந்து வேட்டி நனைந்தது. சூடு கூட எழுப்பவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலை 53.0. பிறகு 50.8. தண்ணீர் 600.

காலையில் ஒரு பிளாஸ்க் நிறையக் கறுங்காப்பி போட்டு எடுத்துக்கொண்டார். நெற்றியில் தைலம். சத்தியம் செய்த ஆள் இல்லையா! இறங்கும்போது இருபத்தோராவது வளைவில் தலை தொங்கியது. நான் திட்டவில்லை. "என்னங்க" என்றேன், மெதுவாக.

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று நிமிர்ந்தார்.

அவர்மேல் தப்பில்லை. சத்தியம் பண்ணியது வாய், கண்ணுக்கு என்ன தெரியும்?

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிப் பின்பக்கம் கார் நின்றது. சீட்டைச் சாய்த்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காப்பி பிளாஸ்க் மடியில். செருப்பு ஒன்று கழன்று கீழே கிடந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கூப்பிட்டால் எழுந்திருப்பார், முகத்தைத் துடைத்துக்கொள்வார், 'போலாமா' என்பார். கார் நன்றாக இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் வீடு. நாளைக்குக் காப்பகம்.

"எழுப்பட்டுங்களாம்மா?" என்றார் செக்யூரிட்டி.

"வேண்டாங்க. எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும்."

ஆட்டோ பிடித்து அண்ணி வீட்டுக்கு வந்தேன். பை கூட இல்லை. கட்டின சேலையோடு, கையில் பிளாஸ்திரியோடு. அண்ணி கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"காரு மறுபடியும் போச்சா?"

"இல்லண்ணி. காரு நல்லா இருக்கு."

அண்ணி உள்ளே போய்க் கட்டிலில் காய்ந்து கிடந்த துணியை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள். பாட்டிலில் தண்ணீர் ஊற்ற வந்தவளிடம், "எழுநூறுண்ணி" என்றேன். மறுபேச்சில்லாமல் ஊற்றினாள்.

நாலே காலுக்குப் போன் வந்தது. குரலில் இன்னும் தூக்கம் இருந்தது.

"எங்க இருக்க? தேடிட்டு இருக்கேன்."

"அண்ணி வீட்ல."

"அங்க எதுக்குப் போன? வா, கெளம்பலாம். இருட்டறதுக்குள்ள ஏறிரலாம்."

"நீங்க போங்க. நான் இங்க இருந்துக்கறேன். ஞாயித்துக்கெழம தூங்கி எந்திரிச்சு, சாப்ட்டு, என்னப் பாக்க வாங்க."

சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். இவர் 'பைத்தியமா உனக்கு' என்பார், அக்காவிடம் கொடு என்பார், நேரே வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். இருபது வருஷத்தில் ஒரு சேலை எடுக்கிற விஷயத்துக்குக்கூட ஒரே பேச்சில் ஒத்துக்கொண்ட ஆள் இல்லை.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. எத்தனை மாதமாக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கினாரோ.

போனை வைத்த பிறகு அழுதேன். காப்பகத்துக் குழந்தைகளிடம் என்ன சொல்வார் என்று கேட்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆறரைக்குள் வீடு சேர்ந்துவிட்டதாக அண்ணிக்குப் போன் பண்ணினார். கார் நன்றாக ஏறியதாம். எந்த வளைவிலும் நிற்கவில்லையாம்.